பழைய விமானப் பொருளைக் கைமாற்றும் முன்

பழைய விமானப் பொருட்களை ஆராய்ந்து, பத்திரப்படுத்தி, தகுந்த இடத்தில் சேர்ப்பது என் தொழில். வீட்டுப் பெரியவர் காலமான பிறகு, அவர் வைத்திருந்த மர ப்ரொப்பெல்லரையோ காக்பிட் கருவியையோ என்ன செய்வதென்று தெரியாமல் வருகிற குடும்பங்கள்தான் அதிகம். அவர்கள் முதலில் கேட்பது, "இது என்ன விலைக்குப் போகும்?" நான் கேட்பது, "இது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?"

அந்தப் பதிலில்தான் பாதி மதிப்பு இருக்கிறது. ப்ரொப்பெல்லரின் நடுப்பகுதியில் குத்தியிருக்கும் எண்களை வைத்து எந்த இன்ஜினுக்கானது, யார் செய்தது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எந்த விமானத்தில் சுழன்றது, யார் ஓட்டினார் என்பதை பைலட் தன் பறப்புகளைக் குறித்து வைத்த லாக் புத்தகமும் கடிதமும் பழைய போட்டோவும்தான் சொல்லும். வீட்டைக் காலி செய்யும்போது முதலில் பழைய பேப்பரோடு போவதும் இவைதான், தயவுசெய்து எடுத்து வையுங்கள். விவரம் தெரிந்த உறவினர் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து எழுதி வாங்கி, தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், பளபளப்பாக்க வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் மரத்தைத் தேய்த்துப் புது வார்னிஷ் அடிக்கிறார்கள், அதோடு முதல் பூச்சும் தயாரிப்பாளர் ஒட்டிய சின்னமும் போய்விடும், அதை யாராலும் மீட்க முடியாது. தூசியை மென்மையான பிரஷால் தட்டினால் போதும்.

காக்பிட் கருவிகளில் ஓர் ஆபத்தும் உண்டு, இதை அழுத்தியே சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால உயரமானி, திசைகாட்டி போன்றவை பலவற்றில் எண்களும் முட்களும் இருட்டில் ஒளிர ரேடியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த பெயின்ட் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிரவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். கெட்டுப்போனது ஒளியைத் தந்த துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறந்தால் உதிர்ந்த பெயின்ட் தூள் மூச்சோடு உள்ளே போகலாம், அதனால் திறக்கக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, கதிர்வீச்சை அளக்கத் தெரிந்தவரைக் கொண்டு பார்க்காமல் பார்சலில் அனுப்பவும் கூடாது. ஆபத்தில் பைலட்டை விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறியும் வெளியேற்று இருக்கை என்றால் உள்ளே வெடிமருந்துத் தோட்டா மிச்சம் இருக்கலாம், அதற்குரிய நிபுணர் பார்க்கும் வரை தொடவே வேண்டாம்.

விழுந்த ராணுவ விமானத்தின் பாகமாக இருந்தால், அது சட்டப்படி உங்களுடையதுதானா என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் இதற்கென்றே 1986-இல் சட்டம் வந்தது.

சரி, யாரிடம் கொடுப்பது? அருங்காட்சியகம் என்றால் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அதே போன்ற பொருள் ஏற்கெனவே இருந்தால் மறுப்பார்கள், வாங்கினாலும் கிடங்கிலேயே இருக்கலாம், பின்னால் வேறிடத்துக்கும் போகலாம். உங்களுக்கு இதில் எது முக்கியமோ அதைக் கொடுக்கும் முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தையே பாருங்கள். முதலில் பறக்கக்கூடியதாக இருந்தது வேறொருவரின் இயந்திரம் என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் சொன்னதால் மனம் நொந்த ஆர்வில் ரைட், 1928-இல் அதை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அவர் இறந்த 1948-இல்தான் அது ஸ்மித்சோனியனுக்கு வந்தது. விலை ஒரே ஒரு டாலர், கூடவே ஒரு நிபந்தனை: அதற்கு முந்தைய எந்த இயந்திரமும் மனிதரைச் சுமந்து, கட்டுப்பாட்டோடு, தன் இன்ஜின் பலத்தில் பறக்க வல்லதாக இருந்தது என்று சொல்லக் கூடாது, சொன்னால் விமானம் வாரிசுகளிடம் திரும்பிவிடும்.

என் அனுபவத்தில், ஒரே விமான வகையைப் பல வருடமாகத் தேடிச் சேர்க்கிற தனி ஆர்வலர் சில நேரம் அருங்காட்சியகத்தைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார். அவரிடம் ஒன்றை மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள்: உங்களுக்குப் பிறகு இது யாரிடம் போகும்? அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருப்பவருக்கு, கொஞ்சம் குறைந்த விலைக்குக்கூடக் கொடுக்கலாம் என்பேன்.