ஹீமட்டோபொயசிஸ்: குருதியாக்கம்

குருதியைக் குறிக்கும் 'ஹைமா', ஆக்குதலைக் குறிக்கும் 'பொயசிஸ்' என்னும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது ஹீமட்டோபொயசிஸ். சிவப்பணுக்கள் மட்டுமல்லாது, நோயெதிர்ப்புக்குரிய வெள்ளணுக்களும் தட்டணுக்களும் பிறப்பதை இச்சொல் குறிக்கிறது. தமிழில் 'இரத்த உற்பத்தி' என்று எழுதுவோர் உண்டு. வடசென்னை மணலி ஆலைகளின் புகையில் வளர்ந்த நமக்கு அதில் தொழிற்சாலை வாடை அடிக்கும். குருதியாக்கம் என்பதே பொருத்தம். இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு மருமகளை அழைத்துவரும் பெண்கள், எச்.பி. (ஹீமோகுளோபின்) குறைந்தால் 'முருங்கைக்கீரை குடு, ரத்தம் ஊறும்' என்பார்கள். ஓயாமல் புதுப்பிக்கப்படுவதை அந்த 'ஊறும்' அழகாகவே சொல்கிறது.

எலும்பு மஜ்ஜையில் இரத்தம் உண்டாதல் என்று மட்டும் பொருள் எழுதினால் கருவின் கதை விடுபட்டுவிடும். தாயின் இரத்தமே பிள்ளைக்குள் ஓடுகிறது என்ற நம்பிக்கையும் சரியன்று. நஞ்சுக்கொடி வழியே ஊட்டமும் ஆக்சிஜனும் கடக்கின்றன, குருதியைக் கரு தானே ஆக்கிக்கொள்கிறது. கருவுற்ற மூன்றாம் வாரத்தில், கருவோடு ஒட்டியிருக்கும் சிறு பையான மஞ்சட்கருப் பையின் சுவரில் உட்கரு கொண்ட பெரிய சிவப்பணுக்கள் முதலில் தோன்றுகின்றன. இது முதனிலைக் குருதியாக்கம். இப்பையில் பிறக்கும் விழுங்கணுக்களின் முன்னோடிகள் மூளைக்குச் சென்று அங்கேயே காவலணுக்களாகத் தங்கிவிடுவதை 2010இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது.

வாழ்நாள் முழுவதும் குருதி தரவல்ல குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) பிறப்பது வேறிடத்தில். ஏறத்தாழ நான்காம் வார இறுதி தொடங்கி, கருவின் முதுகுப்புறப் பெருந்தமனியில், வயிற்றுப்பக்கச் சுவரின் உள்வரிசை அணுக்களுள் சில, தட்டையான உருவத்தை விட்டு உருண்டு திரண்டு, அண்டை அணுக்களோடிருந்த பிணைப்பைத் தளர்த்திக்கொண்டு ஓடும் குருதியில் இறங்குகின்றன. குழாயின் சுவரே குழாயில் ஓடுவதை ஈன்றெடுக்கிறது என்பதால் அவ்வரிசையைக் 'குருதியீன் அகச்சுவர்' எனலாம். அங்கிருந்து அவை கல்லீரலில் குடியேறிப் பெருகுகின்றன. வெள்ளணுக்களில் ஒருவகையான டி அணுக்களாக வேண்டியவை மார்பின் மேற்பகுதியிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. மஜ்ஜை மூன்றாம் மாத அளவில் தொடங்கினாலும், பேறுகாலம் நெருங்கும்போதுதான் முதன்மை இடமாகிறது.

கல்லீரல் அத்தொழிலை முற்றிலும் மறந்துவிடுவதில்லை: பரம்பரைக் குருதிச்சோகையான தலசீமியா கடுமையாகி மஜ்ஜை ஈடுகொடுக்க முடியாதபோது அங்கும் மண்ணீரலிலும் மறுபடி குருதி ஊறத் தொடங்கலாம், இதற்கு 'மஜ்ஜைப்புறக் குருதியாக்கம்' என்பது ஏற்ற பெயர்.