வெருட்டுக்கும் ஒரு கணக்கு: போக்கரில் எப்போது அடித்தாடலாம்?

வன்னியில் கடதாசி ஆட்டம் என்றால் முந்நூற்றிநாலுதான். வயற்காவல் கொட்டிலிலும் செத்தவீட்டு இரவிலும் அதுதான் ஓடும். அதில் பழகியவர் போக்கருக்கு வந்தால் இடறுவது ஓரிடத்தில். 304இல் எவ்வளவு துணிந்து கேட்டாலும் கேட்ட புள்ளியைப் பிடித்துக் காட்டியே தீரவேண்டும். எதிரணி பயந்து எழும்பிப் போகாது. போக்கரிலோ வெல்ல இரண்டு வழி. ஒன்று, கடைசியில் மற்றவரிலும் நல்ல கையைக் காட்டுவது. மற்றது, எதிராளி தாளைக் கவிழ்த்து ஒதுங்கிவிடுவது. அப்படிக் கவிழ்த்துவிட்டால் உங்கள் கையில் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. நடுவில் கிடப்பது முழுக்க உங்களுக்கே. அடித்தாடுவதன், அதாவது துணிந்து வைத்து எதிராளியை நெருக்குவதன், பெறுமதி இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறது.

காசு வேண்டாம், புளியங்கொட்டையை வைத்துப் பாருங்கள். நடுவில் 100 கொட்டை. ஆளுக்கு இரண்டு தாள் கையில்; எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரியும் ஐந்து தாளில் நாலாவது விழுந்துவிட்டது. நீங்கள் 60 வைக்கிறீர்கள். கையில் ஒன்றுமே இல்லாமல் வெருட்டுகிறீர்கள் என்றால் எதிராளி 160க்கு 60, அதாவது 37.5 சதவீதம் கவிழ்த்தால்தான் வரவும் செலவும் சரி. அவர் 30 சதவீதம்தான் கவிழ்ப்பவர் என்றால் ஒவ்வொரு வெருட்டுக்கும் சராசரி 12 கொட்டை நட்டம்.

அதே ஆள், அதே 60. ஆனால் இம்முறை உங்கள் கையில் இரண்டு ஆட்டின், பொதுவில் இரண்டு ஆட்டின். இன்னொன்று விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து தாள், பலமான கை. நீங்கள் காணாத 46 தாளில் 9 ஆட்டின் மிச்சம். அவர் கவிழ்த்தால் 100 உங்களுக்கு. அவரும் 60 போட்டு ஈடு வைத்தாலும் ஏறத்தாழ ஐந்துக்கு ஒரு தரம் ஆட்டின் விழுந்து 160 வரும். அதற்குப் பிறகு யாரும் கொட்டை வைக்கவில்லை, ஆட்டின் விழுந்தால் வெற்றி உங்களுக்கே என்று எடுத்துக்கொண்டு கூட்டிக் கழித்தால் சராசரி 18 கொட்டை லாபம். அந்த ஒன்பது தாள் செய்த வேலை இது.

பலர் பிழைவிடுவது நடுத்தரக் கையில். பொதுவில் கிங்கும் குயினும் கிடக்க, உங்களிடம் இரண்டு ஒன்பது கொண்ட ஒரு சோடி. இதற்கு 60 வைத்தால் உங்களிலும் மோசமான கை ஓடிவிடும், நல்ல கை மட்டும் நிற்கும். வெல்லக்கூடிய ஆட்டத்தை நீங்களே சுருக்குகிறீர்கள். 1944இல் கணிதவியலாளர் ஜோன் வொன் நொய்மனும் பொருளியலாளர் ஒஸ்கார் மோர்கென்ஸ்டேர்னும் எளிமையாக்கிய போக்கரை ஆராய்ந்து கண்டதும் இதுவே: மிக நல்ல கைக்கும் மிக மோசமான கையில் சிலவற்றுக்கும் வை, நடுவிலுள்ளதைச் சும்மா விடு. மோசமான கைக்கு வைக்கச் சொன்னதுதான் அதில் மிக அழகான இடம் என்பேன்.

எத்தனை தரம் வெருட்டலாம்? ஐந்தாவது தாளும் விழுந்தபின் 100க்கு 60 வைத்தால், எதிராளி தன் 60ஐப் போட்டு மொத்தம் 220ஐப் பிடிக்கப் பார்க்கிறார். 220இல் 60 என்பது 11இல் 3. எட்டு நல்ல கைக்கு மூன்று வெருட்டு என்று நீங்கள் கலந்தால் ஈடு வைப்பதும் கவிழ்ப்பதும் அவருக்கு ஒன்றே. அந்த மூன்றையும் ஆட்டின் விழாமல் போன கைகளிலிருந்து எடுங்கள்.

முதல் ஆளாகப் பேசும் இடத்தில் பத்தில் ஒன்றிரண்டு கைக்கு மேல் ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். கடைசி ஆள் எல்லோரும் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதால் இன்னும் பல கைகளைத் துணிந்து ஆடலாம். கஞ்சத்தனமாக வைப்பதும் வீண்: 100க்கு 20 வைத்தால் எதிராளிக்கு ஏழில் ஒரு வாய்ப்பு இருந்தாலே ஈடு வைக்கப் போதும். எதிரே நிற்கும் ஆட்களையும் எண்ணுங்கள். ஒருவர் 60 சதவீதம் கவிழ்ப்பார் என்றாலும், அப்படி மூவர் இருந்தால் மூவரும் சேர்ந்து கவிழ்ப்பது 22 சதவீதம்கூட வராது.

304 ஆடிப் பழகியவர்களுக்குத் தாளைக் கவிழ்க்க மனம் வராது. கடைசித் தாள்வரை பார்த்தே ஆகவேண்டும் அவர்களுக்கு. அப்படியான ஆள் எதிரே இருந்தால் வெருட்டை முழுதாக நிறுத்திவிட்டு, நல்ல கைக்கு 60க்குப் பதில் 90, 100 என்று வையுங்கள். அதற்கும் ஈடு வைப்பார்.