அசையாத மீனின் அசுர வேகம்

நம் மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தொட்டியில் வளர்க்கும் தவளைமீன் இரண்டு நாளாகக் கல்லோடு கல்லாகக் கிடக்கிறது. அசையாத மீன் வீட்டுக்கு ஆகாது, தரித்திரம் வரும் என்கிறார் மாமியார். மீனுக்கு ஏதாவது நோயா?"

நோயும் இல்லை, தரித்திரமும் இல்லை. அசையாமல் கிடப்பதுதான் அதன் பிழைப்பு. மீனின் அசைவுக்கும் வீட்டின் வரவுசெலவுக்கும் முடிச்சுப் போடுவதை இனியாவது நாம் விட வேண்டும்.

முதுகுத் துடுப்பின் முதல் முள் இதற்கு மேலுதட்டருகே நகர்ந்து வந்து தூண்டிற்கோலாகியிருக்கிறது. நுனியில் ஒரு சதைத் துணுக்கு. அதை ஆட்டினால் சின்ன மீன் இரையென்று நம்பிக் கிட்டே வரும். துணுக்கைக் கடித்துக்கொண்டு போனாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

அதன்பின் நடப்பதுதான் அற்புதம். தவளைமீன் இரையைப் பல்லால் பாய்ந்து கவ்வுவதில்லை. வாய் திறக்கும் கணத்தில் தாடை முன்னே நீள்கிறது, தொண்டை கீழிறங்குகிறது, கன்னங்கள் விரிகின்றன. வாய்க்குள் இருக்கும் இடம் 12 மடங்கு வரை பெருகுகிறது. இடம் பெருகினால் அழுத்தம் குறையும். ஊசிக்குழாயின் பிஸ்டனை இழுத்ததுபோல் வெளிநீர் உள்ளே பாய, இரையும் அதோடு வந்துவிடுகிறது. செவுளின் வழியோ மார்புத் துடுப்பருகே ஒரு சின்னத் துளைதான். பின்புறமிருந்து நீர் கசிந்து உறிஞ்சலைக் கெடுக்க இடம் குறைவு. குரோபெக்கர், பியெட்ஷ் என்ற இருவர் அதிவேகப் படக்கருவியால் இதைப் பதிவுசெய்து 1979இல் வெளியிட்டார்கள். வாய் திறந்து இரையை உள்ளிழுக்கச் சுமார் 6 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு! நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் பத்து இரை உள்ளே போகலாம்.

நம் தீவில் தங்கி ஆராய்ந்து 1773இல் இங்கேயே இறந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பிலிபெர் கொமெர்சோனின் பெயர் இந்த மீன்களில் ஓர் இனத்துக்கு உண்டு. இன்று இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடலுக்கு உரிமை பேசும் மொரீஷியஸ், சூரைமீனோடு நின்றுவிடாமல், சந்தைக்கு வராத பாறைமீன்களை ஆராய விரும்பும் இளைஞர்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகியின் தொட்டிக்கு வருவோம். கையடக்க இனமென்றால் 100 லிட்டர் போதும். துணைக்கு வேறு மீன் வேண்டவே வேண்டாம். தன் நீளமே இருக்கும் மீனையும் விழுங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தீனி போட்டால் போதும். பெரிய இரை செரிக்கும்போது நீரில் நச்சான அம்மோனியா ஏறும், ஆகவே மறுநாள் நீரைச் சோதியுங்கள். இடம் மாற்றும்போது வலையால் வெளியே தூக்காதீர்கள். காற்றை விழுங்கிவிட்டால் வெளியேற்ற முடியாமல் திணறும். ஒரு டப்பாவை நீருக்குள் அமிழ்த்தி, நீரோடு சேர்த்து முகந்தெடுங்கள்.