ஏரேஷன்: காற்றோட்டமா, காற்றூட்டலா?

இறுகிப்போன புல்தரையைச் சீராக்குவது பற்றிய பேச்சில் இன்று தவறாமல் வரும், மண்ணுக்குள் காற்றுப் புகவைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஏரேஷன். காற்றைக் குறிக்கும் 'ஆயெர்' என்ற இலத்தீன் சொல் இதன் வேர். அது கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் போனது. ஏர் உழுவதாலும் மண்ணுக்குள் காற்றுப் புகுகிறது என்பதால் நம் ஏருக்கும் இதற்கும் உறவு உண்டென்று சிலர் கருதுவதுண்டு. அது வெறும் ஒலி ஒற்றுமைதான்.

ஆங்கிலத்தில் இச்சொல் காற்றோடு மட்டும் நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலில் எந்த வாயுவும் ஒருவகைக் காற்றாகவே எண்ணப்பட்டதால், கரியமில வாயு ஏற்றிய சோடாத் தண்ணீருக்கும் 'ஏரேட்டட் வாட்டர்' என்ற பெயர் வந்தது. இந்தியாவின் வரிப் பட்டியலில் அப்பெயர் இன்றும் இருக்கிறது. மண்ணில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. அங்கே ஏரேஷன் என்பது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டுச் சேர்த்த கரியமில வாயு வெளியேறி, உயிர்வளி உள்ளே வருவதாகும்.

நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதிதான் திடப்பொருள் என்பது மண்ணியல் பாடத்தின் முதல் கணக்கு. மீதிப் பாதி துளைவெளி, அதில் நீரும் காற்றும் ஏறக்குறைய 25 விழுக்காடு வீதம் நிற்கும். ஆட்கள் நடந்தும் வண்டிகள் ஏறியும் மண் இறுகும்போது முதலில் நசுங்குவது காற்று நிற்கும் பெரிய துளைகளே. எஞ்சும் சிறு துளைகளை நீர் அடைத்துக்கொள்கிறது. நீருக்குள் உயிர்வளி பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், மழை விட்ட பிறகும் தண்ணீர் தேங்கி நிற்கும் புல்தரையில் வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. அத்தகைய இடத்தில் ஒரு திருப்புளியைக் குத்தினால் இரண்டு விரற்கடை ஆழத்திலேயே தட்டி நின்றுவிடும்; புல்லைப் பெயர்த்துப் பார்த்தால் வேர்கள் கீழே இறங்காமல் மேலாகவே பின்னிக் கிடக்கும்.

தமிழில் இதற்குக் காற்றோட்டம், காற்றூட்டல் என்னும் இரு சொற்களும் வழங்குகின்றன. இரண்டும் ஒன்றென்று எழுதுவது சரியன்று. மண்ணுக்குள் காற்று தானே போய்வரும் நிலை காற்றோட்டம். அந்நிலை கெட்ட இடத்தில் நாம் முயன்று காற்றுப் புகவைப்பது காற்றூட்டல். ஆங்கிலம் நிலைக்கும் செயலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்க, உண் என்பதன் பிறவினையான ஊட்டு தமிழுக்கு அவ்வேறுபாட்டைத் தெளிவாகத் தருகிறது. இறால் குட்டைகளில் 'ஏரேட்டர்' என்று சொல்லப்படும் கருவி செய்வதும், குழல் முனைகளால் புல்தரையிலிருந்து மண் உருளைகளைப் பிடுங்கிப் போடும் எந்திரம் செய்வதும் காற்றூட்டலே.

அமெரிக்க வீட்டுப் புல்தரைகளுக்கென்று விற்கப்படும் 'லிக்விட் ஏரேஷன்' என்னும் கரைசலைத் திரவக் காற்றூட்டல் என்று பெயர்த்தால் அது பொய்யான பெயராகிவிடும், ஏனெனில் அக்கரைசல் காற்று எதையும் கொண்டுபோவதில்லை. அதில் பெரும்பாலும் இருப்பவை நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள், மட்கிய தாவரப் பொருளிலிருந்து கிடைக்கும் ஹியூமிக் அமிலம், கடற்பாசிச் சாறு ஆகியவை. வேப்பெண்ணெய்க் கரைசலில் காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்கும் நம் உழவர்களுக்கு முதற்பொருளின் வேலை புதிதன்று. இலையில் கரைசல் பரவச் சோப்பு உதவுவதைப்போல, நீரை ஏற்காமல் வறண்டுபோன மண்ணுக்குள் தண்ணீர் இறங்க இது உதவும். நசுங்கிய துளையை இது தானாகத் திறந்துவிடாது. ஹியூமிக் அமிலத்தாலும் கடற்பாசிச் சாற்றாலும் நுண்ணுயிர்கள் ஓரளவு பயன்பெறலாமே தவிர, அவற்றால் சில நாட்களில் மண் இளகிவிடும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே 'மண் நனைப்புக் கரைசல்' என்பதே அதன் செயலுக்குப் பொருந்தும் பெயர் என்பது என் கருத்து.

புட்டியின் மேல் அச்சிடப்படும் 'ஆர்கானிக்' என்ற அடைமொழியிலும் கவனம் வேண்டும். வேதியியலில் அதற்குக் கரிமம் சார்ந்தது என்று பொருள். வேளாண்மையில் செயற்கை இடுபொருள் கலவாதது என்று பொருள். பரப்பு இழுவிசையைக் குறைக்க ஆலையில் செய்த பொருள் முதல் அர்த்தத்தில் அடங்கும், இரண்டாவதில் அடங்காமலும் போகலாம். எனவே சான்றளிப்பு முத்திரையைப் பார்த்தே இயற்கைமுறை என்று எழுத வேண்டும்.

இயற்கைமுறையில் மண்ணை உண்மையாகவே இளக்குபவை மட்கிய எருவும் மண்புழுக்களுமே. மண் உருளைகளைப் பிடுங்கியதும் சலித்த மட்கு எருவை மெல்லிய படலமாகத் தூவி அத்துளைகளுக்குள் இறங்கும்படி வாரிவிட்டால், துளை மீண்டும் மூடிக்கொள்ளாமல் வேர் இறங்க வழி கிடைக்கும்; நனைப்புக் கரைசலைத் தெளிப்பதானால் அதற்குப் பிறகு தெளிக்கலாம். மண் சற்றே ஈரமாக இருக்கும்போது, புல் முனைப்பாக வளரும் பருவத்தில் இதைச் செய்ய வேண்டும். குளிர்நாட்டுப் புல்வகைகளுக்கு அது இலையுதிர் காலம். அமெரிக்காவில் பெர்முடா புல் என்று பெயர் பெற்றிருக்கும் நம் அருகம்புல்லுக்கு வசந்தத்தின் பின்பகுதியும் கோடையின் தொடக்கமும்.