கயாக் பழக எந்தத் தண்ணீர் ஏற்றது?

முதன்முதலாகக் கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகில் உட்கார்ந்த அன்று, ஏரியின் எதிர்க்கரைக்கு இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். நமக்கு இது பிறவியிலேயே வரும் போலிருக்கிறது என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது. திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. போகும்போது பாதி வேலையைச் செய்தது நான் இல்லை, முதுகுப் பக்கமிருந்து வீசிய காற்று. படகின் மூக்கைத் திருப்பிய பிறகுதான் அது உறைத்தது. படகில் ஒரு குறையும் இல்லை. அந்த மதிய வேளையில் அந்த ஏரி எனக்கு ஏற்ற இடமாக இல்லை, அவ்வளவுதான்.

நகரத்துக்குப் பக்கத்தில் படகு பழக இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இடம் அழகாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எளிதாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் இயற்பியலில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல்தான். கரையில் பத்து நிமிடம் நின்று பார்த்தாலே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

முதலில் படகைப் பார்த்துவிடலாம். கனூ என்பது மேலே திறந்திருக்கும் படகு. ஒற்றை இலைத் துடுப்பால் (தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதிதான் இலை) செலுத்துவது. இதுவரை கிடைத்த படகுகளில் மிகப் பழையது இந்த வகைதான். நெதர்லாந்தில் பெஸ்ஸே என்ற ஊருக்கு அருகே 1955-இல் சாலை போடத் தோண்டியபோது, பைன் மரத்தைக் குடைந்து செய்த சுமார் 3 மீட்டர் நீளக் கனூ ஒன்று கிடைத்தது. வயது ஏறக்குறைய 10,000 ஆண்டு. கயாக் ஆர்க்டிக் பகுதி மக்களின் வேட்டைப் படகு. மிதந்து வந்த மரத்தாலோ திமிங்கில எலும்பாலோ சட்டம் கட்டி, மேலே சீல் தோலைப் போர்த்திச் செய்வார்கள். குளிர்ந்த கடல் உள்ளே புகாமலிருக்க மேற்புறமும் மூடியிருக்கும், துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை. இன்று வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல, இந்த இரண்டிலும் சேராத பிளாஸ்டிக் கயாக்குகள். உள்ளே நுழைய வேண்டாம், மேலேயே உட்காரலாம். ஏறிய தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். புதியவருக்கு இதைவிட நல்ல படகு இல்லை என்பது என் கட்சி.

சரி, இத்தனை ஒல்லியான சாமான் ஏன் உருண்டுவிடாமல் நிற்கிறது? உங்கள் எடையும் படகின் எடையும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தின் வழியாகக் கீழே இழுக்கின்றன. தண்ணீரின் மிதப்பு விசை, மூழ்கியிருக்கும் பகுதியின் மையத்தின் வழியாக மேலே தள்ளுகிறது. படகு வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் அதிகமாக மூழ்கும். மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகர்ந்து, சாய்ந்த பக்கத்தையே மேலே தூக்கும். படகு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்வது இப்படித்தான். பிரான்சு நாட்டு அறிஞர் பியேர் பூகே இதற்கான கணக்கை 1746-இல் எழுதி வைத்தார். அந்தக் கணக்கில் ஒரு சுவாரசியம் உண்டு. நிமிர்த்தும் திறன் படகின் அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்ப வளர்கிறது. நீளமும் சுமையும் மாறாமல், அகலத்தை மட்டும் 55 சென்டிமீட்டரிலிருந்து 70 ஆக்கினால் இந்தத் திறன் இரண்டு மடங்காகிவிடும். பயிற்சிப் படகுகள் தொட்டி மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான். படகின் எடையைவிட உங்கள் எடை இரண்டு, மூன்று மடங்கு இருக்கும் என்பதால் ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட உங்களோடுதான் நகரும். எழுந்து நின்றால் அது மேலே போகும், கணக்கு கெட்டுப்போகும்.

அப்படியென்றால் அகலமான படகு எங்கேயும் கவிழாது என்று நினைத்துவிடக் கூடாது. மிதப்பு விசைக்குத் தரைமட்டம் எது என்று தெரியாது, நீர்மட்டம்தான் தெரியும். நீர்மட்டத்தையே ஒரு அலை சாய்த்தால், அகலத் தட்டைப் படகு அந்தச் சரிவோடு ஒட்டிக்கொண்டு தானும் சாயும். ஒல்லியான, உருண்டை அடிப் படகோ அலையைக் கீழே நழுவ விட்டுவிட்டு நிமிர்ந்தே நிற்கும், ஓட்டுபவருக்கு இடுப்பு வளைந்தால். அதனால்தான் பயிற்சிப் படகின் நிதானம் தட்டையான தண்ணீருக்கு மட்டும் கொடுக்கப்பட்ட உத்தரவாதம். தண்ணீரைத் தட்டையாக வைத்துக்கொள்வது இடத்தைத் தேர்ந்தெடுப்பவரின் பொறுப்பு.

தண்ணீரைக் கலைக்கும் முதல் ஆள் காற்று. அலையின் உயரத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. காற்றின் வேகம், எவ்வளவு நேரமாக வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் ஓடி வருகிறது. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது இருக்கிறது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். காற்று ஓடும் தூரம் நான்கு மடங்கானால் அலை உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று 300 மீட்டர் அகலக் குளத்தில் சுமார் 5 சென்டிமீட்டர் சிற்றலையை எழுப்பும். அதே காற்று 5 கிலோமீட்டர் ஓடி வரும் பெரிய நீர்த்தேக்கத்தில் 20 சென்டிமீட்டர் அலையை எழுப்பும். கேட்க அற்பமாக இருக்கும். பக்கவாட்டில் அடுத்தடுத்து வரும்போது அற்பமாக இருக்காது. பெயர் பெற்ற பெரிய ஏரியைவிட, மரங்கள் சூழ்ந்த, வளைந்து நெளிந்த, யாரும் கண்டுகொள்ளாத சின்னக் குளம் பழகுவதற்கு மேல் என்பது இதனால்தான்.

காற்றை அளக்கக் கருவி தேவையில்லை. அலைகளின் தலையில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். நிறைய இடங்களில் வெள்ளை தெரிந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. கப்பல்காரர்கள் பயன்படுத்தும் பியூஃபோர்ட் அளவுகோலிலேயே இந்த அடையாளங்கள் இருக்கின்றன. காற்று தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதால் 10-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. வெள்ளை தெரிகிற நாளில் நான் படகை இறக்குவதில்லை.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. காற்று கரையிலிருந்து நீரை நோக்கி வீசும்போது, நீங்கள் நிற்கும் இடத்தில் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ஏனென்றால் காற்று அங்கேதான் ஓடத் தொடங்குகிறது. அலை வளர்வதெல்லாம் எதிர்ப்பக்கத்தில். நான் மாட்டிக்கொண்டது இதில்தான். அதே சமயம், அதிகாலைக்கு ஒரு சலுகை உண்டு. இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் கனத்துப்போய் அசையாமல் படுத்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலே ஓடும் வேகக் காற்று கீழே கலந்து இறங்கும். கடலோரமாக இருந்தால் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். காலை ஏழு மணி ஏரியும் பிற்பகல் மூன்று மணி ஏரியும் ஒரே ஏரி இல்லை.

முதல் நாள் படகு நேராகப் போகாமல் பாம்பு மாதிரி நெளிவதற்குக் கையை மட்டும் குறை சொல்லக் கூடாது. துடுப்பு படகின் நடுவில் தள்ளுவதில்லை, பக்கத்தில் தள்ளுகிறது. ஒவ்வொரு இழுப்பும் கொஞ்சம் முன்னேற்றம், கொஞ்சம் திருப்பம். ஓடும் படகின் மூக்கு இருபுறமும் நீரின் அழுத்தத்தில் பிடிபட்டிருக்கும், வால் பகுதி கலங்கிய நீரில் தளர்வாக வழுக்கும். அதனால் சின்னத் திருப்பமும் பெரிதாகிவிடுகிறது. பக்கக் காற்று வீசினால் அந்தத் தளர்ந்த வாலைத்தான் தள்ளும், மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். படகின் பின்னால் அடியில் சின்னத் துடுப்புபோல ஒரு தகடு இருந்தால் வாலுக்குப் பிடிமானம் கிடைக்கும். கனூ ஓட்டுபவர்கள் ஒரே பக்கம் துடுப்புப் போட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பை லேசாக வெளிப்பக்கம் திருப்பித் தள்ளி, படகை நேராக்குவார்கள். பழக இரண்டு நாள் ஆகும், கையில் நிற்க இரண்டு மாதம்.

அப்புறம் ஆறு. இங்கே கணக்கு வேறு. புதியவர் சோர்ந்துபோகாமல் ஓட்டக்கூடிய வேகம் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர். நொடிக்கு 1 மீட்டர் நீரோட்டம் என்பதே மணிக்கு 3.6 கிலோமீட்டர். எதிர்நீச்சல் போட்டுத் திரும்ப வேண்டுமென்றால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு இலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதன் கூடவே கரையில் நடந்து பாருங்கள். ஆடி அசைந்து நடந்தாலே இலையை முந்திவிட்டால் சரி. எட்டிப் போட்டு நடந்தால்தான் ஈடுகொடுக்க முடிகிறது என்றால் வேறு இடம் பார்க்கலாம்.

ஓடும் நீரின் அழுத்தமும் வேகத்தின் இருமடிதான், ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. 3 மீட்டர் படகு ஒரு பாறையில் குறுக்காக மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீர், தோராயமாக 25 கிலோ எடை சாய்ந்த மாதிரி அழுத்தும். வேகம் 2 மீட்டரானால் அது 100 கிலோ. படகுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் இந்த எண்களும் போதாது. கனூவில் 300 லிட்டர் தண்ணீர் நிறைந்தால் 300 கிலோ, நடுவில் நின்று யாரும் தூக்க முடியாது.

ஆற்று வளைவில் நீர் வெளிப்பக்கக் கரையை ஒட்டி வேகமாகவும் உட்கரையில் மெதுவாகவும் ஓடும். அடியில் இருக்கும் மெதுவான நீர் உட்கரைப் பக்கம் இழுபட்டு, மணலை அங்கே சேர்க்கும். கோப்பையில் தேநீரைக் கலக்கினால் தேயிலைத் தூள் விளிம்புக்குப் போகாமல் நடுவில் குவிகிறதே, அதே இயக்கம். 1926-இல் ஐன்ஸ்டைன் இந்தத் தேயிலையைக் காட்டித்தான் ஆறுகள் ஏன் வளைகின்றன என்று விளக்கினார். நமக்குத் தேவையான முடிவு சின்னது. படகை இறக்கவும் இளைப்பாறவும் உட்கரை மணல், கிட்டே போகக் கூடாதது வெளிக்கரை. அரிக்கப்பட்ட அந்தக் கரையிலிருந்துதான் மரங்கள் ஆற்றில் சாய்ந்து கிடக்கும். கிளைகளுக்கிடையே தண்ணீர் சல்லடையில் போவதுபோலப் போய்விடும், படகும் ஆளும் போக முடியாது. நீரோட்டம் பிடித்து அழுத்தி வைத்திருக்கும்.

இதைவிட மோசமானது சின்னத் தடுப்பணை. பார்த்தால் இடுப்பளவு உயரம்கூட இருக்காது, மேலே இருந்து வரும்போது ஒரு நேர்க்கோடாகத்தான் தெரியும். விழும் நீர் அடிக்குப் போய் மேலெழும்பி, மேற்பரப்பில் மறுபடி அணையை நோக்கியே திரும்பி ஓடும். மாட்டிய பொருள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். நுரையும் குமிழியும் கலந்த நீர் அடர்த்தி குறைந்தது என்பதால் மிதப்பும் குறைந்துவிடும். படகுக்காரர்கள் இதை மூழ்கடிக்கும் இயந்திரம் என்று சொல்வது மிகையில்லை. போகும் பாதையில் தடுப்பணை, மதகு எதுவும் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்க்காமல் ஆற்றில் இறங்கவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது.

நகரத்து நீர்நிலைக்கு இன்னொரு குணமும் உண்டு. கான்கிரீட்டும் தார்ச்சாலையும் மழையை உறிஞ்சாது, அத்தனையும் நேரே ஆற்றுக்கும் கால்வாய்க்கும் ஓடிவரும். மழைக்கு முன் சாதுவாக இருந்த ஆறு சில மணி நேரத்தில் வேறு ஆறாகிவிடும், கூடவே சாக்கடையும் கலக்கும். பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவது வயிற்றுக்கும் தோலுக்கும் நல்லது. கால்வாயில் சாதாரண நாளில் நீரோட்டம் பெரும்பாலும் இருக்காது, காற்றும் குறைவு. ஆனால் செங்குத்துச் சுவர், பெரிய படகு எழுப்பும் அலையை விழுங்காமல் திருப்பி அனுப்பும். விழுந்தவர் பிடித்து ஏறவும் இடம் இருக்காது.

ஆறு கடலில் சேரும் கழிமுகம் என்றால் ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல், இல்லாமல் போகக் கூடாது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த ஆறு மணியில் நீர் ஒரே சீராக நகராது. முதல் மணியில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. நடு இரண்டு மணியில் மட்டும் பாதித் தண்ணீர். புதியவர் ஓட்ட வேண்டியது ஓதம் திரும்பும் நேரத்தை ஒட்டி.

லைஃப் ஜாக்கெட் பற்றிச் சுருக்கமாக. தண்ணீருக்குள் மனித உடலின் எடை கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. தலையை மேலே வைத்திருக்கக் கூடுதலாக 3 முதல் 5 கிலோ வரை மிதப்பு போதும், படகோட்டும் ஜாக்கெட்டுகள் அதற்குக் குறையாமல் செய்யப்படுகின்றன. படகில் கட்டி வைத்தால் அந்த மிதப்பு படகுக்குத்தான் கிடைக்கும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால், விழுந்த நொடியில் மூச்சு தானாகத் திணறும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெயிலைப் பார்த்து உடுத்தாமல் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து உடுத்த வேண்டும்.

பலர் விழுவது நடுநீரில் அல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். ஒரு கால் கரையில், ஒரு கால் படகில், ஈர்ப்பு மையம் உச்சியில். சரிவான மணல் கரையும் முழங்கால் ஆழமும் இருக்கும் இடத்தில் விழுந்தாலும் சிரித்துவிட்டு எழுந்துவிடலாம்.

இரண்டு வாரம் கழித்து அதே ஏரிக்குக் காலை ஆறரைக்குப் போனேன். லேசான காற்று, நுரை எங்கும் இல்லை. இந்தத் தடவை முதலில் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டேன், தோள் வலிக்க அரை மணி நேரம். திரும்பும்போது துடுப்பை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கரை தானாகவே பக்கத்தில் வந்தது.