நினைவகம்: மனுஷ மண்டைக்கு ஒத்துவராத சொல்லு

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ அரசாங்க பரீட்சை) டியூஷன் போஸ்டர் ஒண்ணு தொங்குது, 'உங்கள் பிள்ளையின் நினைவகத்தை அதிகரிக்க எங்களிடம் வாருங்கள்'னு. அதிகரிக்கிறதுக்கு என்ன, புள்ள மண்டைல மெமரி கார்டு ஸ்லாட்டா இருக்கு? அந்த போஸ்டர மட்டும் சொல்லி என்ன பண்றது, வாட்சாப்ல வர்ற மூளை டிப்ஸு, மொழிபெயர்த்த உளவியல் கட்டுரை, மேடைல மைக் புடிக்கிற மோட்டிவேஷன் ஆளு, எல்லாருக்கும் இப்ப மெமரின்னா 'குறுகிய கால நினைவகம்', 'நீண்ட கால நினைவகம்', 'வேலை நினைவகம்'தான். நம்ம ஊர்ல நினைவகம்னா செத்தவங்க பேர்ல கட்டுற மண்டபம். குறுகிய கால நினைவகம்னா அத வாடகைக்கு எடுத்திருக்காங்கன்னு நெனச்சுக்கிறதா?

சொல்லோட வரலாறு சின்னதுதான். மெமரிங்கிறது லத்தீன் மெமோரியா, அதுக்கு வேரு 'மெமோர்', மனசுல வச்சிருக்கிறன்னு அர்த்தம். நம்ம ஞாபகம் வடமொழி, ஆனா அங்க ஞாபகம்னா 'தெரியப்படுத்துறது', நினைவுக்கு அவங்க சொல்றது ஸ்ம்ருதி. நாம வாங்கி அர்த்தத்த மாத்திக்கிட்டோம், தப்பே இல்ல. நினைவுக்கு வேரு 'நினை', அது சுத்தமா நம்மளோடது. அந்த நினைவுகூட 'அகம்' சேர்த்தா நினைவகம், அதாவது நினைவு குடியிருக்கிற வீடு.

இந்த வீடு கம்ப்யூட்டருக்கு கட்டுனது, அங்க அது பொருத்தமும்கூட, ஏன்னா மெஷின்ல ஒவ்வொரு டேட்டாவுக்கும் ஒரு அட்ரஸ் இருக்கு, போட்டா போட்டபடி கெடக்கும், எடுத்தா அதே வரும். வேடிக்கை என்னன்னா இங்கிலீஷ்ல சொல்லு மனுஷன்கிட்ட இருந்துதான் மெஷினுக்கு போச்சு. 19ஆம் நூற்றாண்டுல சார்ல்ஸ் பாபேஜ்ங்கிற இங்கிலீஷ்காரரு தான் வடிவமைச்ச கணக்கு போடுற இயந்திரத்துல அந்த பாகத்துக்கு 'ஸ்டோர்'னுதான் பேரு வச்சாரு, 1945ல ஜான் வான் நியூமன் எட்வாக் கம்ப்யூட்டர் பத்தி எழுதின அறிக்கைல மூளையோட ஒப்பிட்டு 'மெமரி'ன்னு எழுதுனாரு. நம்மாளுங்க மெஷினுக்குன்னு தனியா ஒரு சொல்ல உருவாக்கிட்டு, அப்புறம் அதையே எடுத்துட்டு வந்து மனுஷன் தலைல கவுத்துட்டாங்க. இங்கிலீஷ்ல ஒரே சொல்லு, சரி, தமிழ்லதான் ரெண்டு இருக்கே லா, அத ஏன் ஒண்ணாக்கணும்?

'உளவியல்காரங்களே ஸ்டோர்னுதானே சொன்னாங்க'ன்னு கேப்பாங்க. சொன்னாங்க. 1968ல அட்கின்சனும் ஷிஃப்ரினும் போட்ட மாடல்ல குறுகிய கால ஸ்டோர், நீண்ட கால ஸ்டோர்னு பெட்டி பெட்டியா இருக்கும். ஆனா ஆராய்ச்சி அங்கயே நிக்கல. 1974ல பேட்லியும் ஹிட்ச்சும் அந்த குறுகிய கால பெட்டிய பிரிச்சு, அது சும்மா வச்சிருக்கிற எடம் இல்ல, வச்சுக்கிட்டே கணக்கு போடுறது, வாக்கியத்த புரிஞ்சுக்கிறதுன்னு வேலையும் செய்யுதுன்னு காட்டுனாங்க. அதுக்குத்தான் 'வொர்க்கிங் மெமரி'. அத 'வேலை நினைவகம்'னு போட்டா ஆபீஸ்ல வச்ச ஹார்ட் டிஸ்க் மாதிரி கேக்குது.

அளவையே எடுத்துக்குங்க. 1956ல ஜார்ஜ் மில்லர் ஒரே நேரத்துல சுமாரா 7 விஷயம் மனசுல நிக்கும்னாரு, 2001ல நெல்சன் கோவன் அது ஒரு 4தான்னு கொறச்சாரு. நம்ம மலேசிய ஐசி (அடையாள அட்டை) நம்பரு 12 இலக்கம். வீடுதான்னா இந்த 12 எப்படி உள்ள போகும்? மொத ஆறு பொறந்த தேதி, அது ஒங்களுக்கு ஏற்கனவே தெரியும், அடுத்த ரெண்டு பொறந்த எடம், கேஎல்னா 14, பினாங்குன்னா 07, அதுவும் தெரியும், மிச்சம் கடைசி நாலுதான் புதுசு. அதாவது எத்தன இலக்கம்ங்கிறது பெரிய விஷயமே இல்ல, ஏற்கனவே தெரிஞ்சத வச்சு எப்படி கட்டு கட்டுறோம்ங்கிறதுதான் விஷயம். காலி ரூம்ல சாமான் அடுக்குற கதை இங்க செல்லாது.

இன்னும் மோசம், உள்ள வச்சதா நெனைக்கிறது வெளிய வர்றப்ப மாறியே போயிருக்கும். 1974ல அமெரிக்காவுல எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவங்களுக்கு கார் மோதுற படம் காட்டுனாங்க. கொஞ்ச பேர்கிட்ட 'கார் ரெண்டும் மோதி நொறுங்குனப்ப எவ்வளவு வேகம்?'னு கேட்டாங்க, கொஞ்ச பேர்கிட்ட 'இடிச்சப்ப'ன்னு கேட்டாங்க, இன்னும் கொஞ்ச பேர்கிட்ட வேகத்த பத்தி கேக்கவே இல்ல. ஒரு வாரம் கழிச்சு ஒடஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டா, நொறுங்குனப்பன்னு கேட்ட 50 பேர்ல 16 பேரு பாத்தேன்னாங்க, இடிச்சப்பன்னு கேட்டவங்கள்ல 7 பேரு, வேகமே கேக்காதவங்கள்ல 6 பேரு. படத்துல கண்ணாடி ஒடையவே இல்ல. ஒரே ஒரு வினைச்சொல்லு இத்தன பேருக்கு இல்லாத கண்ணாடிய காட்டியிருக்கு. எந்த மெமரி கார்டு இப்படி செய்யும்?

ஜெர்மன் உளவியல்காரரு எபிங்ஹாஸ் 1885ல வெளியிட்ட மறதி ஆராய்ச்சியயும் எல்லாரும் 'நினைவகம் காலியாகிற வேகம்'னு எழுதுறாங்க, எரிச்சலா வருது. அவரு தன்னையே வச்சு, அர்த்தமில்லாத அசைங்கள மனப்பாடம் பண்ணி, கொஞ்ச நேரம் கழிச்சு அதையே மறுபடி படிக்கிறப்ப எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னுதான் அளந்தாரு. ஒரு நாள் கழிச்சு மூணுல ஒரு பங்கு மிச்சம். ஒண்ணுமே ஞாபகம் வரலன்னாலும் திரும்ப படிக்க நேரம் கம்மியா ஆகலாம், அது எந்த அகத்துல இருந்துச்சாம்?

தமிழ்ல வேணுங்கிறது எல்லாம் ஏற்கனவே இருக்கு. 'ஞாபகம் வச்சுக்கோ', 'ஞாபகம் இருக்கு', 'ஞாபகம் வருது'. என்கோடிங், ஸ்டோரேஜ், ரிட்ரீவல்னு அவங்க சொல்ற மூணு கட்டமும் இதுல அடங்கிடுச்சு, அதுலயும் 'எனக்கு வருது'ன்னுதான் சொல்றோம், போய் எடுத்துட்டு வந்தேன்னு யாரும் சொல்றதில்ல. நினைங்கிறதும் அப்படித்தான். விக்கல் எடுத்தா 'யாரோ உன்ன நெனைக்கிறாங்க'ன்னு பாட்டி சொல்றாங்களே, அது யோசிக்கிறதா ஞாபகப்படுத்திக்கிறதா? ரெண்டும்தான். மலாய்க்காரங்க 'இஙாட்'டும் அதே கதை, ஞாபகம் இருக்குங்கிறதுக்கும் 'சாயா இஙாட் டியா டா பாலிக்', அதாவது அவரு போயிட்டாருன்னு நெனச்சேன்கிறதுக்கும் ஒரே சொல்லு. பக்கத்து வீட்டு மொழியும் நம்ம மொழியும் சேர்ந்து ஒண்ணு சொல்றப்ப, கூகுள்ல தட்டி வர்றத அப்படியே ஒட்டணுமா?

தூய தமிழ்க்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். 'ஞாபகம் வடசொல், தூக்கு'ங்கிறாங்க, தூக்குங்க, நினைவுன்னு வைங்க, எனக்கு சந்தோஷம்தான். ஆனா ஞாபகத்த தூக்கிட்டு அந்த எடத்துல நினைவகத்த வச்சா, எழுத்து தமிழா இருக்கும், நெனப்பு மெஷினோடதா இருக்கும். அதுக்கு ஞாபகமே மேலு.

அதனால நான் போடுறது: மெமரிக்கு நினைவு, ரிடென்ஷனுக்கு 'நினைவில் தங்குதல்', வொர்க்கிங் மெமரிக்கு 'நடப்பு நினைவு', பேங்க்ல நடப்புக் கணக்குன்னு சொல்றோமே, அந்த நடப்பு. 'செயல் நினைவு'ன்னும் சில பேரு எழுதுறாங்க, அது வேண்டாம், புரொசீஜரல் மெமரியோட, அதாவது சைக்கிள் ஓட்டுற மாதிரி செஞ்சு செஞ்சு பழகுற நினைவோட போய் குழம்பும்.

அந்த புரொசீஜரல் மெமரிக்கு 'செயல்முறை நினைவகம்'னு ஒரு கட்டுரைல பாத்தேன், அதுவும் ஹென்றி மொலைசன் பத்தின கட்டுரைல. அவருக்கு 1953ல மூளைல ஆபரேஷன், அப்புறம் இப்ப பேசுனது கொஞ்ச நேரத்துல போயிடும். ஆனா கண்ணாடில பாத்து நட்சத்திரம் வரையிற வேலைய ஆராய்ச்சியாளர் பிரெண்டா மில்னர் குடுத்தப்ப, நாளுக்கு நாள் கை தேறிக்கிட்டே வந்துச்சு, இத முன்னாடி செஞ்சதே அவருக்கு தெரியல. சித்திரமும் கைப்பழக்கம்னு சின்ன வயசுல இருந்து சொல்லிட்டு வர்ற ஆளுங்க நாம, அந்த கட்டுரைக்காரருக்கு மட்டும் இது ஞாபகம் வரலயாம். கைப்பழக்க நினைவுன்னு போட்டிருக்கலாம், எழுத்தும் கம்மி.