மிங்க் இல்லை என்று எழுதும் முன்

இங்கிலாந்தில் பண்ணை, மேய்ச்சல் நிலம், தோப்பு, ஓடை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பெரிய கிராமப்புற எஸ்டேட்டுகளில் வனவிலங்கு கண்காணிப்பு ரேஞ்சர் என்றொரு வேலை உண்டு. ஓடைக்கரையில் அவர் கண்ணில் விலங்கு படுவதே அபூர்வம். புழுக்கை, கடித்துப் போட்ட தண்டு, களிமண்ணில் பதிந்த காலடி, இவற்றை வைத்துத்தான் கணக்கு. கிடைத்ததைக் குறித்துக்கொள்வது எளிது. ஒன்றுமே கிடைக்காதபோது ‘இல்லை’ என்று தைரியமாக எழுதுவதற்குத்தான் முறையும் கருவியும் வேண்டியிருக்கிறது. நீர் வோல், அதைத் தின்னும் கீரி போன்ற மிங்க் என்ற இரண்டு விலங்குகளை வைத்து அதைப் பார்க்கலாம்.

நீர் வோல் எலிக்கு உறவு. எடை 150 முதல் 300 கிராம். மழுங்கிய மூக்கு, ரோமத்துக்குள் புதைந்த காது, ரோமம் மூடிய வால். கரையில் வளை தோண்டி வாழும். ஆபத்து என்றால் ‘தொபுக்’கென்று நீரில் குதித்து, காலால் சேற்றைக் கலக்கிவிட்டு, வளைக்குள் புகுந்துவிடும். நாரையிடம் இந்தத் தந்திரம் பலிக்கும், மிங்கிடம் பலிக்காது. மிங்க் நன்றாக நீந்தும். பெண் மிங்கின் உடல் அந்த வளைக்குள்ளேயே நுழையும் அளவுக்கு ஒல்லி. ரோம உடைகளுக்காக அமெரிக்க மிங்கைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கியது 1929இல். பண்ணைகளிலிருந்து தப்பியவை காட்டில் குட்டி போடுவது 1956இல் டெவன் மாவட்டத்தின் டீன் ஆற்றில் உறுதியானது. வாழிட அழிவும் சேர்ந்துகொள்ள, ஓடை ஓடையாக நீர் வோல் காணாமல் போயிற்று. 377 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாலம் டார்ன் ஏரிக்கரையில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு 2016இல் சுமார் நூறு நீர் வோல்களைத் திரும்ப விட்டது. விடுவது ஒரு நாள் வேலை. அவை தங்கினவா, மிங்க் வந்ததா என்று பார்ப்பது வருடக்கணக்கில் ஓடும்.

நீர் வோல் கணக்கெடுப்பு ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை ஒன்று, ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்னொன்று. ஓடையை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, நீரோட்டத்துக்கு எதிராக, முடிந்தால் நீருக்குள் இறங்கியே நடக்க வேண்டும். எதிர்த்து நடந்தால் நாம் கலக்கும் சேறு பின்னால் போய்விடும். பார்க்க வேண்டிய இடம் தெளிவாக இருக்கும். கரைமேல் நடந்தால் வளையை மிதித்து உடைக்கவும் வாய்ப்புண்டு.

தேடுவது முக்கியமாகக் கழிவிடங்களை. இனப்பெருக்கக் காலத்தில் பெண் நீர் வோல் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு, காலால் மிதித்து வைக்கும். தட்டையான பழைய அடுக்கின்மேல் புதியவை கிடந்தால் குடியிருப்பு நடப்பில் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொன்றும் 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளம், காப்ஸ்யூல் மாத்திரை போல இரு முனையும் மழுங்கி, பச்சையோ பழுப்போ நிறம், நாற்றம் கிடையாது. எலியுடையது இன்னும் பெரிது, முனை கூர்ந்திருக்கும், நாறும். வளைவாசல் 4 முதல் 8 சென்டிமீட்டர், உயரத்தைவிட அகலம் கூடுதல். பக்கத்தில் 10 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள தண்டுகள் குவிந்து கிடக்கும். வெட்டு 45 டிகிரிச் சாய்வு. அதன் சிறிய உறவான வயல் வோலும் அப்படியே சாய்வாகத்தான் வெட்டும் என்பதால் தண்டை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. புழுக்கைதான் தீர்ப்பு.

இங்கே ‘இல்லை’ பொய்யாக வரும் வழிகள் பல. கனமழையில் நீர் ஏறி இறங்கினால் கரையோரக் கழிவிடம் கழுவிக்கொண்டு போயிருக்கும். நீர் பழைய மட்டத்துக்கு வந்தபின் சில நாள் பொறுத்துத்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் நீர் வோல் பெரும்பாலும் வளைக்குள்ளேயே கிடக்கும், எல்லை காட்டாது. டிசம்பரில் எடுத்த பூஜ்யத்துக்கு மதிப்பே இல்லை. முள்புதர் அடர்ந்த 30 மீட்டரைத் தாண்டிப் போனவர், அந்த 30 மீட்டரைப் ‘பார்க்கவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். (கையுறையும், காயத்துக்கு நீர் புகாத கட்டும் கட்டாயம். நம்மூர் எலிக்காய்ச்சல் அங்கேயும் ஓடைநீரில் உண்டு.)

மிங்குக்கு வேறு வழி வேண்டும், ஏனென்றால் அது கரையில் விடும் தடயம் குறைவு. ஒன்றே ஒன்று பல கிலோமீட்டர் ஆற்றை ஆளும். அதன் ஆர்வக்குணமே கண்டுபிடிக்க உதவுகிறது: கண்ணில் பட்ட பொந்தையெல்லாம் நுழைந்து பார்க்கும். பிரிட்டனின் வேட்டை விலங்கு மற்றும் வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை உருவாக்கிய மிங்க் மிதவை இந்தக் குணத்தைப் பயன்படுத்துகிறது. ஏறக்குறைய 120 × 60 சென்டிமீட்டர் பிளைவுட் பலகை இரண்டு, நடுவில் 5 சென்டிமீட்டர் தெர்மோகோல். நட்டநடுவே ஓட்டை போட்டு ஒரு கூடையை இறக்கி, அதில் பூ அலங்காரக்காரர்கள் பயன்படுத்தும் பச்சை ஃபோம் கட்டியை வைக்கிறார்கள். அதன்மேல் இரண்டு பங்கு களிமண்ணும் ஒரு பங்கு மணலும் பிசைந்த கலவையை வழவழப்பாகப் பூச வேண்டும். ஃபோமின் அடி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் ஈரம் மேலேறிக் களிமண் காயாது. அதற்குமேல் இருபுறமும் திறந்த மரச் சுரங்கம். உணவு எதுவும் வைக்கத் தேவையில்லை. கிலோமீட்டருக்கு ஒரு மிதவை போதும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்த் தடத்தைப் படமெடுத்துவிட்டு, களிமண்ணைத் தடவி அழித்து வர வேண்டும்.

கேட்க எளிது, கெடுவது களிமண்ணில்தான். ரொம்ப ஈரமானால் தடம் மூடிக்கொள்ளும். காய்ந்தால் பதியவே பதியாது. மிதவை உயரமாக மிதந்து ஃபோம் நீரை எட்டாதபோது இப்படி ஆகும். மிதவையைக் கரையில் கட்டும் கயிறு குட்டையாக இருந்தால் வெள்ளத்தில் மிதவை அமிழும், நீர் வற்றினால் கரையில் தொங்கும். எலிகள் ஓடி ஓடி மிங்கின் தடத்தை அழிப்பதும் உண்டு. ஒரு லாபம்: நீர் வோலே மிதவைமேல் ஏறிப் புழுக்கை போட்டுவிட்டுப் போகும்.

மிங்கின் தடம் சுமார் 3 சென்டிமீட்டர், ஐந்து விரல், நகமுனை சேர்ந்து நட்சத்திரம் விரிந்தாற்போலத் தெரியும். எலியின் முன்காலில் நான்கு விரல்தான் பதியும், அளவும் சிறிது. போல்கேட் என்ற மரநாயினத் தடத்தை மட்டும் மிங்கிடமிருந்து பிரிப்பது கடினம். சந்தேகமானால் தானியங்கி கேமராவைப் பொருத்திவிட வேண்டும். மிங்க் உறுதியானதும் அதே சுரங்கத்துக்குள் உயிரோடு பிடிக்கும் கூண்டு போகும். கூண்டை 24 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். நீர்க்கோழி மாட்டினால் திறந்துவிடலாம். பிடிபட்ட மிங்கை மறுபடி வெளியே விடச் சட்டம் இடம் தராது. வேதனையில்லாமல் கொல்ல வேண்டும். மனசுக்கு ஒப்பாத வேலைதான், ஆனால் ரேஞ்சரின் பொறுப்பில் அதுவும் சேர்ந்ததே. இப்போது கதவு விழுந்ததும் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. கிழக்கு ஆங்கிலியாவில் பல மாவட்டங்களை ஒன்றாகச் சேர்த்து மிங்கை ஒழிக்கும் முயற்சி இந்தக் கருவிகளை நம்பித்தான் நடக்கிறது.

தனி எஸ்டேட் ஒன்று எவ்வளவு கவனமாக இருந்தாலும் எல்லைக்கு அப்பால் மிதவை இல்லையென்றால் காலியான இடத்துக்குப் புது மிங்க் வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆண்கள் துணை தேடி அலையும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை குட்டிகள் இடம் தேடிக் கிளம்பும். மிதவைகள் பழுதின்றி இருந்தாக வேண்டிய மாதங்கள் இவை. அதனால்தான் பதிவேட்டில் தடம் உண்டா என்ற கட்டத்துக்கு முன்னால் வேறு கட்டங்கள்: தேதி, நீர்மட்டம், களிமண் ஈரமா, எத்தனை இரவு வேலை செய்யும் நிலையில் இருந்தது. களிமண் காய்ந்திருந்த வாரத்துக்கு ‘தடமில்லை’ என்று எழுதுவதில்லை. கோடு போட்டுவிட்டு, ஃபோமை நனைத்து, புதிதாகப் பூசி வைக்கிறார்கள்.